பரிசலும் நடுகல்லும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பென்னாகரத்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டிய என் தாத்தாவைப் பற்றி எட்டுப் பக்கக் காமிக்ஸ் வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படங்கள் நன்றாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் யாரும் மூன்றாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை. கோளாறு எங்கே இருக்கிறது?

க.

அன்புள்ள க.,

எட்டுப் பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். கோடு உங்களுக்கு வசப்பட்டிருக்கிறது. துடுப்பைப் பிடித்த தாத்தாவின் புறங்கை நரம்புகளை நீங்கள் வரைந்த விதத்திலேயே அவர் மேல் உள்ள பாசம் தெரிகிறது. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது: நீங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை.

இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா வெளியே வருகிறார், பரிசலைப் புரட்டுகிறார், தலைமேல் தூக்குகிறார், நடக்கிறார், நீரில் இறக்குகிறார், ஏறுகிறார். ஆறு கட்டங்களும் ஒரே அளவு; ஆறும் ஒரே தூரத்திலிருந்து பார்த்தவை. வாசகருக்கு வேலையே இல்லை. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில்தான் அவர் மனம் கதையை நடத்தும். அந்த இடத்தை நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிப் பக்கம் போய் சண்டையில் இறந்த வீரனின் நினைவாக நட்டு, மூன்று அடுக்காகச் செதுக்கிய நடுகல் ஒன்றைப் பாருங்கள். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழ் அடுக்கில் வீரன் சண்டையிடுகிறான். நடு அடுக்கில் தேவமகளிர் அவனை இருபுறமும் தாங்கி மேலே கொண்டுபோகிறார்கள். உச்சியில் சிவலிங்கத்தின் முன் இருக்கிறான். அவன் செத்து விழுந்த கணம் கல்லில் எங்கும் இல்லை. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே உள்ள வெறும் பட்டையில் அதை நாம்தான் பார்க்கிறோம். முதல்முறை எனக்கு அது புரிந்தபோது கல்லைவிட்டு நகர மனம் வரவில்லை.

அப்படியே தருமபுரி அகழ்வைப்பகத்துக்கும் (அருங்காட்சியகம்) போய் வாருங்கள். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து பொறித்த நடுகற்களில் எழுத்து எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய மகன், எந்த மாட்டு மந்தைக்காக உயிர்விட்டான் என்று சொல்லும். வில்லை எப்படிப் பிடித்திருந்தான் என்பதை உருவம் சொல்லும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. நீங்களோ பரிசல் சுமந்து நடப்பவரை வரைந்துவிட்டு, மேலே ‘தாத்தா பரிசலைச் சுமந்து நடந்தார்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

என் கையில் அந்தப் பக்கம் இருந்தால் இரண்டே கட்டங்கள்தான். முக்கால் பக்கத்துக்குப் பின்னாலிருந்து தெரியும் தாத்தா: தலையைப் பரிசல் மூடியிருக்க, கீழே இரண்டு மெலிந்த கால்கள், சொல் ஏதும் இல்லை. அடியில் ஒடுங்கிய கட்டம்: நடு ஆறு, துடுப்பு, நீர்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற ஒரே சொல்லை மூன்று வரியாக உடைத்து, வசனம் எழுதும் பலூனுக்குள் திணித்திருக்கிறீர்கள். சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதிலிருந்து நாம் படித்து வளர்ந்தவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புகள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பலூனில் நீளமான தமிழ்ச் சொற்களை நெருக்கி வைக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இருந்தது. உங்களுக்கு இல்லை. முதலில் வசனத்தை எழுதுங்கள், பிறகு அதைச் சுற்றி பலூனை வரையுங்கள், மிஞ்சிய இடத்தில் ஆட்களை நிறுத்துங்கள். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்கட்டும். ஐந்தாம் பக்கத்தில் பேரன் இடப்பக்கம் நின்றுகொண்டு இரண்டாவதாகப் பேசுவதால் பலூன் வால்கள் குறுக்கே பின்னிக்கொள்கின்றன.

பரிசல் சுழலில் சிக்கும் படம் இப்போது வலப்பக்கத்தில், திறந்தவுடன் கண்ணில் படுகிறது. தாளைப் புரட்டிய பிறகு வரும்படி தள்ளிவையுங்கள்.

இப்போதைக்கு இரண்டாம் பக்கத்தை மட்டும் மாற்றி வரைந்து அனுப்புங்கள். பென்சிலில் போதும், மை போட வேண்டாம்.