லிஃப்ட் நேராக ஏறாமல் கோணலாக ஓடுகிறதா? ஸ்லைடர் ஜாயின்ட் 2டி-யைச் சரிசெய்யும் விதம்

கேள்வி: யூனிட்டி கேம் எஞ்சினில் ஒரு 2டி பிளாட்ஃபார்மர் (தாவித் தாவிப் போகும் கேம்) செய்கிறேன். லிஃப்ட் பலகைக்கு ஸ்லைடர் ஜாயின்ட் 2டி (பொருளை ஒரே நேர்கோட்டில் மட்டும் ஓடவிடும் இணைப்பு) போட்டு, கனெக்டட் ஆங்கரை (இணைப்பின் மறுமுனைப் புள்ளி) கையால் கொடுத்தேன். பிளே அழுத்தினால் பலகை நேராக ஏறாமல் சாய்வாக ஓடுகிறது. அதையே பிரீஃபேப் (திரும்பத் திரும்ப எடுத்து வைக்கும் அச்சு) ஆக்கி இரண்டாவது லெவலில் வைத்தால் எங்கேயோ பறந்துபோகிறது. முதல் லெவலில் ஒருவழியாக ஓட வைத்த பிறகும், இறங்கும்போது பிளேயர் தத்தித் தத்தி இறங்குகிறான், மோட்டாரை நிறுத்தினால் பலகை தொப்பென்று விழுகிறது. என்ன செய்வது?

பதில்: நான்கும் வெவ்வேறு கோளாறு, அதனால் ஒரே டிக்கில் தீராது. ஆனால் எதுவும் பெரிய விஷயமில்லை.

முதலில் சாய்வு. இன்ஸ்பெக்டரில் ‘ஆட்டோ கான்ஃபிகர் ஆங்கிள்’ என்று ஒரு டிக் இருக்கும். அது இருக்கும்வரை, தண்டவாளம், அதாவது பலகை நகரும் கோடு, எந்தக் கோணத்தில் ஓட வேண்டும் என்பதை இரண்டு பொருள்களும் எங்கே இருக்கின்றன என்பதைப் பார்த்து யூனிட்டியே முடிவுசெய்துகொள்ளும். நீங்கள் ஆங்கரைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்திருப்பீர்கள், அதனால் தண்டவாளமும் சாய்ந்துவிட்டது. டிக்கை எடுத்துவிட்டு ஆங்கிளில் 90 என்று போடுங்கள், செங்குத்தாக ஓடும். பக்கவாட்டுக் கதவுக்கு 0. பலகை அந்தக் கோட்டிலிருந்து விலகி நின்றால் பிளே அழுத்தியவுடன் வெடுக்கென்று கோட்டுக்குள் இழுக்கப்படும், அதனால் இரண்டு ஆங்கரின் எக்ஸ் மதிப்பும் ஒரே நேரில் இருக்கிறதா என்று சீன் வியூவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிரீஃபேப் பறப்பதற்குக் காரணம் வேறு. கனெக்டட் ரிஜிட் பாடி (மறுமுனையில் மாட்டப்படும் பொருள்) காலியாக இருந்தால் ஜாயின்ட் நேரடியாக உலகத்தோடு மாட்டிக்கொள்கிறது, அப்போது கனெக்டட் ஆங்கரில் இருக்கும் எண்கள் உலக ஆயத்தொலைவுகள். முதல் லெவலில் (12, 3) என்று கொடுத்திருந்தால், இரண்டாவது லெவலில் (80, 20)-இல் வைத்த பலகையும் விசுவாசமாக (12, 3)-ஐத் தேடித்தான் ஓடும். இதற்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: ‘லிஃப்ட்’ என்று ஒரு காலி ஆப்ஜெக்ட், அதற்குள் பலகை ஒன்று, அடித்தளம் ஒன்று. அடித்தளத்துக்கு ஸ்டாட்டிக், அதாவது அசையாத, வகை ரிஜிட்பாடி 2டி போதும், மோதலுக்கான கொலைடர்கூட வேண்டாம். பலகையின் ஜாயின்டை அதோடு இணைத்துவிட்டால் கனெக்டட் ஆங்கர் அடித்தளத்தின் சொந்த ஆயத்தொலைவுகளில் எண்ணப்படும், பிரீஃபேபை எங்கே தூக்கி வைத்தாலும் தண்டவாளம் கூடவே வரும்.

பலகை டைனமிக் (விசைகளுக்கு அசையும் வகை) ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்ட் சொன்னால் மட்டும் நகரும் கைனமேட்டிக் பொருளை எந்த விசையும் அசைக்காது, ஜாயின்டும் விதிவிலக்கில்லை. அப்புறம் ஸ்கிரிப்டில் டிரான்ஸ்ஃபார்ம் பொசிஷனை மாற்றும் வரி ஏதாவது மிச்சமிருந்தால் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் ஜாயின்டும் மல்லுக்கட்டிக்கொண்டு பலகை நடுங்கும்.

இப்போது மோட்டார். ‘யூஸ் மோட்டார்’ டிக்கை எடுத்தால் லிஃப்ட் நிற்கும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் அப்போது பலகையைத் தாங்க யாரும் இல்லை, ஈர்ப்பு விசை கீழ் எல்லைவரை இழுத்துப்போய்விடும். நிறுத்த வேண்டுமென்றால் மோட்டாரை ஓடவிட்டு வேகத்தை மட்டும் 0 ஆக்குங்கள், அதுதான் பிரேக். அந்த பிரேக் எவ்வளவு தாங்கும் என்பதை ‘மேக்சிமம் மோட்டார் ஃபோர்ஸ்’ தீர்மானிக்கிறது. இயல்பான மதிப்பு 10000, யானையையே தூக்கிவிடும். இதைக் குறைத்தால்தான் சுவாரசியம். பலகை 5, மேலே வைத்த பெட்டி 20 என்றால் மொத்த நிறை 25, ஈர்ப்பு 9.81, ஆக அசையாமல் பிடித்து நிறுத்தவே சுமார் 245 வேண்டும். விசையை 300 என்று வைத்தால் ஒரு பெட்டியோடு ஏறும், இரண்டாவது பெட்டி வைத்தால் ஏற முடியாமல் இறங்கிவிடும். ஒரு புதிர் இனாமாகக் கிடைத்துவிட்டது.

மேலேயும் கீழேயும் மாறி மாறி ஓட, ‘யூஸ் லிமிட்ஸ்’ போட்டு லோயர், அப்பர் டிரான்ஸ்லேஷன் கொடுத்துவிட்டு, ஸ்கிரிப்டில் ஜாயின்டின் லிமிட் ஸ்டேட்டை (எந்த எல்லையைத் தொட்டது என்று சொல்லும் மதிப்பு) பாருங்கள். அப்பர் லிமிட்டில் நின்றால் வேகம் மைனஸ், லோயர் லிமிட்டில் நின்றால் பிளஸ். எது மேலே, எது கீழே என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆங்கர் வைத்த விதத்தைப் பொறுத்து தலைகீழாகத் தெரியும், ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தால் போதும். பலரைத் தடுக்கிவிடும் இடம் ஒன்று உண்டு: மோட்டார் என்பது ஒரு ஸ்ட்ரக்ட், கேட்டால் நகல்தான் கிடைக்கும், அதனால் அதன் வேகத்தை நேரடியாக மாற்றினால் சி ஷார்ப் ஒத்துக்கொள்ளாது. மோட்டாரை ஒரு தனி மாறியில் எடுத்து, வேகத்தை மாற்றி, திரும்ப ஜாயின்டுக்கே கொடுக்க வேண்டும்.

பிளேயர் தத்துவதும் இந்த வேகத்தால்தான். 10000 விசை இருக்கும் மோட்டார், 0-விலிருந்து மைனஸ் 4-க்கு ஒரே பிசிக்ஸ் அடியில், அதாவது 0.02 விநாடியில், போய்விடுகிறது. பிளேயரோ வெறும் ஈர்ப்பில் விழுகிறான், அதே 0.02 விநாடியில் அவனுக்குக் கிடைப்பது சுமார் 0.2 வேகம்தான். பலகை காலடியிலிருந்து நழுவுகிறது, அவன் துரத்தி வந்து மோதுகிறான், தரையில் இருக்கிறானா என்று பார்க்கும் உங்கள் ஸ்கிரிப்டும் ஆம், இல்லை என்று மாறி மாறிச் சொல்கிறது, குதிக்கும் பட்டன் வேலைசெய்யாது. ஒவ்வொரு பிசிக்ஸ் அடிக்கும் ஓடும் ஃபிக்ஸ்ட் அப்டேட்டில், மதிப்பைப் படிப்படியாக நகர்த்தும் மூவ் டுவர்ட்ஸ் வைத்து வேகத்தை விநாடிக்கு 5, 6 என்ற அளவில் மெதுவாக மாற்றுங்கள். முடுக்கம் 9.81-க்குக் கீழே இருக்கும்வரை அவன் பலகையோடு ஒட்டியே இறங்குவான்.

கடைசியாக ஒன்று. உங்கள் லிஃப்டை யாரும் தள்ளப்போவதில்லை, எடைக்கும் அது அசையப்போவதில்லை என்றால் ஜாயின்டே வேண்டாம், கைனமேட்டிக் ரிஜிட்பாடியும் மூவ் பொசிஷனும் போதும், வேலையும் பாதி. பெட்டி மோதினால் நகரும் கதவு, எடை வைத்தால் அமுங்கும் பலகை மாதிரி உலகம் திருப்பித் தள்ளும் இடங்களில்தான் ஸ்லைடர் ஜாயின்ட் தன் காசுக்கு உழைக்கிறது. அமுங்கும் பலகைக்கு ஸ்லைடரில் ஸ்பிரிங் கிடையாது, அதே ஆப்ஜெக்டில் கூடவே ஒரு ஸ்பிரிங் ஜாயின்ட் 2டி சேர்த்துக்கொள்ளுங்கள்.