இலவசமாகக் கொடுத்துவிட்டு எதை விற்கிறார்கள்?

கேள்வி: மென்பொருளின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிடும் நிறுவனங்கள் எப்படி வருமானம் ஈட்டுகின்றன?

பதில்: இப்படித் திறந்துவிடப்படும் கட்டற்ற மென்பொருளில் கட்டில்லாதது பயனரின் உரிமைதானே தவிர, விலையில்லாமல் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மேனே 1985 வாக்கில் ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பு நிரல் பதிந்த காந்த நாடாக்களை 150 டாலருக்கு விற்றார். இணையம் பரவியபின் பிரதிக்கு விலை இல்லாமல் போயிற்று. பொறுப்புக்கு விலை வந்தது.

ரெட் ஹாட் நிறுவனம் விற்பது அந்தப் பொறுப்பைத்தான். லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை எவரும் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் நள்ளிரவில் சர்வர் முடங்கினால் யாரை அழைப்பது, பத்தாண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை யார் தருவார்கள் என்ற கவலை உள்ள வங்கிகளும் அரசுத் துறைகளும் அதற்காகவே ஆண்டுச் சந்தா கட்டுகின்றன. 2019இல் ஐபிஎம் சுமார் 3,400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹாட்டை வாங்கியது இந்தச் சந்தா வணிகத்தின் வலிமையை நம்பித்தான்.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் சென்றது வேறு வழி. அதற்குரிய ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்படி, அதைத் தம் நிரலோடு இணைத்து விநியோகிப்பவர் தம் நிரலையும் திறக்க வேண்டியிருக்கும். அதற்கு மனமில்லாதவர் பணம் கட்டி வணிக உரிமம் பெறலாம். நிரல் முழுவதன் பதிப்புரிமையும் ஒரே நிறுவனத்திடம் இருந்தால்தான் இது நடக்கும். நிரலாளர்கள் கூட்டாக வேலை செய்ய உதவும் கிட்லாப் போன்றவை அடிப்படையைத் திறந்து வைத்து, பெருநிறுவனங்களுக்குத் தேவையான கூடுதல் வசதிகளை மட்டும் விற்கின்றன.

மென்பொருளைத் தாமே மேகக்கணியில், அதாவது இணையவழி சர்வர்களில், இயக்கி வாடகை வாங்குவதும் உண்டு. சிக்கல் இங்கேதான். அதே நிரலை எடுத்து அமேசான் போன்ற பெருநிறுவனமும் சேவையாக விற்கலாம். உரிமம் அதைத் தடுப்பதில்லை. இதனால் 2018இல் தரவுத்தள நிறுவனமான மாங்கோடிபியும் 2021இல் தேடல் மென்பொருள் நிறுவனமான எலாஸ்டிக்கும் உரிமத்தை இறுக்கின. எலாஸ்டிக்கின் பழைய நிரலிலிருந்து அமேசான் ஓப்பன்சர்ச் என்ற தனிக் கிளையைத் தொடங்கியது. நிறுவனங்களின் வருத்தம் நியாயமானதே. ஆயினும் திறந்த நிரல் என்று நம்பி உழைப்பைக் கொடுத்த பங்களிப்பாளர்களுக்குப் பாதிவழியில் விதியை மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: இந்தப் பணம் நிரல் எழுதுபவர்களைச் சென்றடைகிறதா?

பதில்: நிறுவன ஊழியர்களுக்குச் சம்பளமாகச் சேர்கிறது. எல்லோரும் சார்ந்திருக்கும் சிறு நூலகங்களை, அதாவது பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை, பராமரிப்பவர்களுக்குப் பெரும்பாலும் சேர்வதில்லை. தகவலை மறையாக்கம் செய்து இணையத்தின் பெரும்பகுதியைக் காத்துவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளிப்பட்டபோது, அத்திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. அதன் பின்னரே பெருநிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை வழியாக ஒன்றுசேர்ந்து, இரண்டு முழுநேர நிரலாளர்களுக்கு ஊதியம் கொடுக்க முன்வந்தன.