பொண்ணு கணக்கு நோட்டோட நிக்கும்போது உங்களுக்கு என்ன புதிர்?

கேள்வி: அக்கவுன்ட்ஸ்ல 11 வருஷமா வேலை. ஒரே ரிப்போர்ட்ட 4 விதமா கேக்குறாங்க, சந்தேகம்னு போனா மேனேஜர் ஃபோன்ல இருந்து தலைய தூக்காம 'அப்புறம் பாக்கலாம்'ங்கறார். ராத்திரி கணக்குப் புதிர் போடறதுதான் நிம்மதி, நடுவுல 4-வது படிக்கிற பொண்ணு கழித்தல் கணக்கோட வந்தா அம்மாகிட்ட கேளுன்னு அனுப்பிடுவேன், அவளும் அப்பதான் வேலை முடிஞ்சு வந்திருப்பா. வேலைய விட்டுட்டு புதிர் சேனல் ஆரம்பிக்கலாமா?

பதில்: தம்பி, மேனேஜர் பத்தி ஒரு பக்கம் புலம்பியிருக்கீங்க, பொண்ணு பத்தி ஒரே வரி, அந்த வரிய படிச்சுதான் எனக்குக் கோவம் வந்துச்சு. இந்த மாதிரி மேனேஜர் அடுத்த கம்பெனிலயும் இருப்பார், அதுக்கு ஆறுதல் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. ஆனா கணக்குன்னா உசுருங்கற அப்பன் வீட்லயே இருக்கும்போது ஒரு குழந்தை நோட்ட தூக்கிட்டு ரூம் ரூமா அலையுதே, இது என்ன நியாயம்? உங்க வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் அசதி இருக்காதா? மேனேஜர் நிமிர்ந்து பாக்கலன்னு உங்களுக்கு எப்படி வலிக்குது, அவளுக்கும் அப்படித்தான் வலிக்கும், சின்னப் பொண்ணு, சொல்லத் தெரியாது.

அந்த வயசுல கடன் வாங்கிக் கழிக்கிறதுலதான் அநேகமா மாட்டுவாங்க. புதிர் போடற உங்களுக்கு காப்ரேகரோட 6174-ங்கற எண் விளையாட்டு தெரியாம இருக்காது, 1949-ல அத கண்டுபிடிச்சவர் ஒரு ஸ்கூல் வாத்தியார், அதுக்குக் கழிக்கத் தெரிஞ்சா போதும். பொண்ணையே ஒரு 4 இலக்க எண் சொல்லச் சொல்லுங்க, நாலும் ஒரே இலக்கமா இருக்கக் கூடாது. 3524-ன்னு சொல்றான்னு வைங்க. பெருசுல இருந்து சிறுசா அடுக்கினா 5432, திருப்பிப் போட்டா 2345, கழிச்சா 3087. மறுபடி அதே மாதிரி 8730-ல 0378 போனா 8352, அப்புறம் 8532-ல 2358 போனா 6174, அதுக்கு மேல எத்தன தடவ பண்ணாலும் அதேதான் வரும். எந்த எண்ணுல ஆரம்பிச்சாலும் 7 தடவைக்குள்ள அங்க வந்துடும். அந்த 8730-லதான் அவ திணறுவா, ஜீரோவுல 8 போகாது, 3-கிட்ட கடன் வாங்கணும், 3 இப்ப 2 ஆயிடுச்சு, அதுல 7 போகாது, திரும்பவும் கடன். அங்க நீங்க பென்சில புடுங்கிப் போட்டுக் காட்டாதீங்க, எவ்ளோ நேரம் ஆனாலும் அவளே போடட்டும், பக்கத்துல உக்காந்திருங்க.

வேலைய விடலாமான்னா, கூடாது. சம்பளத்த நம்பி ஒரு குடும்பம் இருக்கும்போது மேனேஜர் மேல இருக்க கோவத்துல பேப்பர் போடறது பொறுப்பான அப்பா செய்யற காரியம் இல்ல. சேனல லீவு நாள்ல பண்ணுங்க, யார் வேணாம்னா? ஆனா சொந்தப் பொண்ணுக்குப் பொறுமையா கழித்தல் சொல்லித் தராதவர் முகம் தெரியாத ஆளுங்களுக்கு என்னத்த சொல்லித் தருவீங்க? தினமும் சாப்பாட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம் அவளுக்கு, மீதி நேரம் உங்க புதிருக்கு. ஒரு மாசம் இப்படி இருந்துட்டு எழுதுங்க, அப்ப மேனேஜர்கிட்ட எப்படிப் பேசறதுன்னு பாக்கலாம்.