பாரிஸில் ‘ஓட்டல் த சால்ம்’ என்ற கட்டடம் இருக்கிறதே, அது தங்கும் விடுதியா? அதன் வரலாறு என்ன?

விடுதி இல்லை. பழைய பிரெஞ்சு வழக்கில், நகரத்துக்குள் பிரபுக்கள் கட்டிக்கொண்ட மாளிகைக்கும் ‘ஓட்டல்’ என்றுதான் பெயர். இது ஓர்சே அருங்காட்சியகத்தை ஒட்டி, சீன் நதிக்கரையில் நிற்கிறது.

சால்ம்-கிர்பர்க் என்ற ஜெர்மன் சிற்றரசின் இளவரசர் மூன்றாம் பிரெடரிக்குக்காக, பியர் ரூசோ என்ற கட்டடக் கலைஞர் 1780களில் கட்டியது. தெருப் பக்கம் போனால் ரோமானிய வெற்றி வளைவு மாதிரி ஒரு வாசல், உள்ளே தூண் வரிசைகள் சூழ்ந்த முற்றம், அதன் கோடியில் உயரமான தூண்களோடு முகப்பு. நதிப் பக்கம் வந்தால் ஆளே மாறிவிடும்: தாழ்வான, அமைதியான கட்டடம், நடுவில் குவிமாடத்தோடு வட்டமாகப் புடைத்து நிற்கும் கூடம். எனக்குப் பிடித்தது இந்தப் பக்கம்தான். அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த தாமஸ் ஜெபர்சனும் இதில் சொக்கிப்போய், எதிர்க்கரையிலிருந்த துய்லரி தோட்டத்தில் உட்கார்ந்து அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தாராம். அவருடைய மான்டிசெல்லோ வீட்டுக் குவிமாடத்தில் இதன் சாயல் உண்டு.

இளவரசர் பாவம், கடன்காரர். 1794இல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்தில் தலையையும் இழந்தார். 1804இல், பிரான்சின் உயரிய விருதான லெஜியன் த ஹானரை வழங்கும் அமைப்பு மாளிகையை வாங்கியது. 1871இல், கிளர்ச்சியாளர்கள் நகர ஆட்சியைப் பிடித்த பாரிஸ் கம்யூன் கலவரத்தில் தீக்கிரையானது. அப்புறம் விருதாளர்களே நிதி திரட்டி மீட்டெடுத்தார்கள். ஆகவே, இன்று பார்க்கும் உள்ளலங்காரத்தில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு வேலை.