போரைப் பார்க்காமலே போர் ஓவியம் வரைவது எப்படி?

போர் ஓவியம் என்பது நடந்து முடிந்த ஒரு சண்டையை, கிடைத்த சான்றுகளை வைத்து மறுபடியும் கண்முன் கொண்டுவரும் படம். வரைபவர் பெரும்பாலும் அந்தக் களத்தில் இருந்திருக்க மாட்டார். அவர் பிறப்பதற்கு முன்பே சண்டை முடிந்திருக்கலாம். அதனால்தான் சீருடை, ஆயுதம், நிலம், சாட்சி சொன்னவர்கள் என்று தேடித்தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் நடந்த பழைய சண்டையை, அன்று பிறந்தேயிராத பேரன் பாட்டியிடமும் மாமாவிடமும் கேட்டு வரைந்தால் எப்படியோ, அப்படி.

எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் எலிசபெத் தாம்சன். 1853–56-இல் பிரிட்டனும் கூட்டாளிகளும் ரஷ்யாவோடு மோதிய கிரிமியப் போர் நடந்தபோது அவர் சின்னப் பெண். ஆனால் அந்தப் போரில் களைத்து நிற்கும் வீரர்களை வைத்து 1874-இல் அவர் காட்சிக்கு வைத்த ஓவியத்தை விக்டோரியா ராணியே வாங்கினார்.

அதற்கு அடுத்த ஆண்டு அவர் வரைந்தது காத்ர் பிரா சண்டை; 1815-இல், இன்றைய பெல்ஜியத்தில், நெப்போலியனின் படையோடு நடந்தது. அது கோதுமை போன்ற ரை தானிய வயலில் நடந்தது. மிதிபட்ட கதிர் எப்படிச் சாய்ந்து கிடக்கும் என்று தெரிய வேண்டுமே! ஒரு வயலில் பிள்ளைகளை விட்டு மிதிக்க வைத்துப் பார்த்தார். நிஜப் படைவீரர்களைச் சதுரமாக நிறுத்திச் சுடச் சொல்லியும் பார்த்தார். இந்தப் பிடிவாதம்தான் என்னைக் கவர்கிறது.

சரி, இவ்வளவு உழைத்ததால் அது புகைப்படம் மாதிரி அப்படியே உண்மை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை: அதே 1815-இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ சண்டையைப் பற்றிய அவருடைய 1881 ஓவியத்தில் குதிரைகள் பாய்ந்து வருகின்றன; மழையில் ஊறிய அந்த மண்ணில் அவ்வளவு வேகம் வாய்த்திருக்காது.