கிரீன் கார்டு வராதவர் புறா வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

கேள்வி: டெக்சஸில், டல்லாஸ் அருகே வசிக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக எச்-1பி விசா. செப்டம்பரில் புறா வேட்டைக்கு வரும்படி அலுவலக நண்பர்கள் அழைக்கிறார்கள். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. கடைக்காரர் குட்டைக் குழல் வைத்த கறுப்பு நிற 12 கேஜ் ஷாட்கன் ஒன்றைக் காட்டினார். கிரீன் கார்டு உள்ள நண்பர் தம் பெயரில் வாங்கித் தருகிறேன் என்கிறார். என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எதை வாங்கட்டும்?

பதில்: முதலில் அந்த நண்பரை அழைத்து, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 என்ற படிவம், இதை உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்று நேராகக் கேட்கிறது. உங்கள் பணத்தில் உங்களுக்காக வாங்கிக்கொண்டு ‘ஆம்’ என்று அவர் கையெழுத்திட்டால், அது மத்திய அரசுச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். நல்ல மனதோடு உதவ வந்தவரின் கிரீன் கார்டும் ஆபத்தில் சிக்கும். துப்பாக்கிச் சந்தைகளில், படிவமே வேண்டாம், பணம் கொடுத்தால் போதும் என்று அழைக்கும் தனிநபர்களையும் நம்பாதீர்கள். படிவம் இல்லாததால் உங்களுக்கு உரிமை வந்துவிடாது. மாட்டிக்கொள்ளும்போது அந்த மனிதர் உங்கள் பக்கத்தில் நிற்கவும் மாட்டார்.

உங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. விலைக்கு வாங்குவதை மட்டுமல்ல, பயிற்சிக்களத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதையும்தான். இதற்கு ஒரு விலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும். ‘காலாவதியாகாத’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். டெக்சஸ் உரிமம் எந்த மாதத்தில் வாங்கினாலும் ஆகஸ்டு 31 அன்று முடிந்துவிடும். செப்டம்பர் 1 காலையில் புதிய உரிமம் இல்லையென்றால், நீங்கள் வேட்டைக்கே போகாமல் வீட்டில் இருந்தாலும், அலமாரியில் பூட்டி வைத்த துப்பாக்கி உங்களைக் குற்றவாளியாக்கிவிடும். அடுத்த ஆண்டுக்கான உரிமங்கள் ஆகஸ்டு 15 முதல் கிடைக்கும். அன்றே வாங்கிவிடுங்கள், ஒவ்வோர் ஆண்டும். ஆனால் அப்படி முன்கூட்டி வாங்கியது செப்டம்பர் 1 முதல்தான் செல்லும். முதன்முறை வாங்கும் நீங்கள் அதுவரை துப்பாக்கியைத் தொடக் கூடாது. உரிமத்தின் நகலைக் கடையில் கொடுங்கள், ஒரு நகலைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளும் வையுங்கள்.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒருவரைச் சுற்றுலாப் பயணியோடு ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது இந்தச் சட்டம். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை நகராமல் கிடப்பதற்கு விண்ணப்பித்தவரா பொறுப்பு? துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத் தெரிந்தவரா என்று பார்த்தால் அதில் பொருள் உண்டு. தேதியை மட்டும் பார்க்கிற விதியால் யாருக்கு என்ன பாதுகாப்பு? பல ஆண்டுகளாகப் பயிற்சி தருகிறேன், இந்தக் கோபம் எனக்குக் குறையவே இல்லை. ஆனாலும் விதி விதிதான், அதன்படியே நடந்துகொள்ளுங்கள்.

ஆகவே முதலில் மாநிலத்தின் வேட்டைக் கல்விப் பாடத்தை முடியுங்கள். பதினேழு வயது கடந்தவர்கள் இணையத்திலேயே முடிக்கலாம், அதற்குத் துப்பாக்கி தேவையில்லை. பிறகு உரிமம். புறா இடம்பெயரும் பறவை என்பதால் அதற்கான கூடுதல் அனுமதியையும் சேர்த்து வாங்குங்கள். அதன் பிறகே துப்பாக்கி.

கடைக்காரர் காட்டியது வீட்டுக் காவலுக்கானது. பதினெட்டு அங்குலக் குழலைக் கொண்டு பறக்கும் புறாவைத் தொடர்வது கடினம். புதியவர் என்று தெரிந்தால் கடையில் தேங்கியதைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ‘உதைக்காது’ என்று சொல்லி .410 என்ற மிகக் குறுகிய குழல் கொண்ட துப்பாக்கியை நீட்டுவார்கள். அதன் தோட்டாவில் ரவை, அதாவது சிறு குண்டுகள், மிகக் குறைவு, கைதேர்ந்தவர்களுக்கே அது சோதனை. இறகுபோல் எடை குறைந்த துப்பாக்கியும் வேண்டாம். எடை குறையக் குறையத் தோளில் உதை கூடும்.

உங்களுக்கு நான் சொல்வது 20 கேஜ் (கேஜ் என்பது குழலின் அகல அளவு, எண் கூடினால் குழல் குறுகும்), வாயு விசையால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை, 26 அங்குலக் குழல். அந்த வாயு அமைப்பு உதையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். பெரெட்டா ஏ300 இந்த வகையில் நம்பகமானது. கையில் பணம் குறைவென்றால் மாஸ்பெர்க் 500 அல்லது பழைய ரெமிங்டன் 870. கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் இவ்விரண்டுக்கும் உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைக்கும். பெயர் தெரியாத மலிவு இறக்குமதிகளில் ஒரு சிறு ஸ்பிரிங் உடைந்தாலும் வேட்டைக் காலம் முழுவதும் காத்துக் கிடக்க நேரும். குழல் முனையில் ‘இம்ப்ரூவ்டு சிலிண்டர்’ சோக் (ரவை எவ்வளவு பரவ வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் குறுகல்), 7½ அல்லது 8 எண் ரவை. இடம்பெயரும் பறவைகளுக்கு, துப்பாக்கிக்குள் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பான் இருக்க வேண்டும். பெட்டியோடு வரும் அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

நண்பர்களிடம் 12 கேஜ் இருக்குமல்லவா? உங்கள் மஞ்சள் நிறத் தோட்டா ஒன்றுகூட அவர்கள் பையில் கலக்கக் கூடாது. அது 12 கேஜ் குழலுக்குள் நழுவிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். தோட்டா வைக்கும் அறை காலியாகத் தெரிவதால் பின்னால் இன்னொரு தோட்டாவை ஏற்றிச் சுட்டால், குழல் வெடித்துப் பிடித்திருக்கும் கை போய்விடும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான்.

உரிமம் கைக்கு வந்ததும் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை பார்த்து, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள். கண்ணைத் திறந்தவுடன் குழலின் மேல் ஓடும் மேட்டின் நேர்க்கோடும் நுனியில் உள்ள குறிமணியும் கழுத்தை நீட்டாமல் தெரிய வேண்டும். உங்கள் உயரத்துக்குத் தோளில் பதியும் கட்டை நீளமாக இருந்து அக்குளில் தட்டினால், கட்டையின் நீளத்தைக் குறைக்கும் வசதியுள்ள மாடலைக் கேளுங்கள். ‘பழகிவிடும்’ என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.