2004இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி உலகத் தொடரை வென்றது மேலாளர் மாற்றத்தாலா, வீரர் பரிமாற்றத்தாலா?

என் கணக்கில் பரிமாற்றங்களுக்கே பெரும்பங்கு. அதற்காக மேலாளரை மாற்றியது தவறு என்று சொல்லமாட்டேன்.

உலகத் தொடருக்குச் செல்லும் அணியைத் தீர்மானிக்கும் 2003 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் பாஸ்டனின் எதிரணி நியூயார்க் யாங்கீஸ். ஏழாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-2 என முன்னிலையில் இருந்தது. களைத்துப்போன பெட்ரோ மார்ட்டினஸையே, களத்தில் அணியை நடத்திய மேலாளர் கிரேடி லிட்டில் தொடர்ந்து பந்து வீசவிட்டார். யாங்கீஸ் சமன் செய்து, 11ஆவது இன்னிங்ஸில் வென்றது. லிட்டிலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. புதிய மேலாளராக டெர்ரி ஃபிராங்கோனா வந்தார். அரிசோனா அணியிலிருந்து பந்துவீச்சாளர் கர்ட் ஷில்லிங்கும் வந்து சேர்ந்தார்.

ரசிகர்களைக் கொதிக்க வைத்தது 2004 ஜூலை 31தான். ஊரே கொண்டாடிய ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) நோமர் கார்சியபாராவை, வீரர் பரிமாற்றங்களை முடிவு செய்யும் பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்துவிட்டார். கைக்கு வந்தவர்கள் ஓர்லாண்டோ கப்ரேராவும் டக் மின்கேவிச்சும். நட்சத்திரத்தை விற்றுத் தடுப்பாட்டக்காரர்களை வாங்குவதா என்ற கோபம் நியாயமானதே. ஆனால் உள்தடுப்பில் இருந்த ஓட்டை அடைபட்டது.

அன்றே சத்தமில்லாமல் டாட்ஜர்ஸ் அணியிடமிருந்து வந்தவர் டேவ் ராபர்ட்ஸ். அக்டோபரில், மீண்டும் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில், யாங்கீஸ் 3-0 என முன்னிலை. நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், பாஸ்டனுக்கு ஒரு ரன் பின்னடைவு. வாக் (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸுக்கு இலவசமாகச் செல்வது) பெற்ற கெவின் மில்லாருக்குப் பதிலாக ஓட வந்த ராபர்ட்ஸ், யாங்கீஸின் மரியானோ ரிவேரா அடுத்த ஆட்டக்காரருக்கு வீசிய முதல் பந்திலேயே இரண்டாவது பேஸைத் திருடினார், அதாவது பந்து அடிக்கப்படாமலே ஓடி அதை எட்டினார். பில் மியூலரின் அடியில் ஆட்டம் சமனானது. அந்த ஆட்டத்தையும் தொடரையும் பாஸ்டனே வென்றது. ராபர்ட்ஸை அந்த நொடியில் இறக்கிய துணிச்சல் ஃபிராங்கோனாவுடையது. இறக்க ஆள் இருந்தது எப்ஸ்டீனால். 1918க்குப் பிறகு முதல் உலகத் தொடர் வெற்றி அந்த மாதமே கிடைத்தது.